பரபரப்பு வாக்குமூலமும் 1,500 ரூபாய் அபராதமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூரிலும் மதுரையிலுமாகக் குற்றவியல் நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் டீக்கடையில் உங்கள் பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பங்கு போட்டுப் படிப்பவர்களில் ஒருவன். போன வாரம் ‘கொலையை ஒப்புக்கொண்டார்; போலீசில் பரபரப்பு வாக்குமூலம்’ என்ற செய்தியைச் சத்தமாகப் படித்த ஒருவர், “அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் கேஸ் எதுக்கு, சாட்சி எதுக்கு?” என்றார். சுற்றி இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

போலீசிடம் சொன்ன ஒப்புதலைக் கோர்ட்டில் அவருக்கு எதிராக வைக்க முடியாது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23ஆம் பிரிவுக்குள் வந்திருக்கிறது. எண்தான் மாறியது. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பவில்லை என்று எங்கள் பழைய சிரஸ்தார் (கோர்ட் தலைமை எழுத்தர்) சொல்லிச் சிரிப்பார். ஐந்தாறு பக்கத்துக்கு எழுதி வரும் வாக்குமூலத்தில் கோர்ட்டுக்கு ஆகிற வரி ஒன்றிரண்டு தேறினால் அதிகம். ‘என்னை அழைத்துச் சென்றால் அரிவாளைப் போட்ட கிணற்றைக் காட்டுகிறேன்’ என்று சொல்லி, அங்கே அரிவாளும் கிடைத்தால் அந்த வரி செல்லும். அதற்கு மேலே உள்ள ‘நான்தான் வெட்டினேன்’ செல்லாது.

நம் பக்கத்தில் இன்னொன்று உண்டு. ‘வி.ஏ.ஓ.விடம் சரணடைந்து வாக்குமூலம்.’ வி.ஏ.ஓ. என்பவர் கிராம நிர்வாக அலுவலர், போலீஸ் இல்லை என்பதால் இதற்குத் தடையில்லை. ஆனால் பலவீனமான சாட்சியம் என்றுதான் கோர்ட் பார்க்கும். முன்பின் பழக்கமில்லாத வி.ஏ.ஓ.விடம் போய் இவன் ஏன் மனம்விட்டுச் சொன்னான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட வழக்கு ஒத்தக்கடை பக்கம் ஹைகோர்ட் கிளைக்குப் போய் விடுதலை ஆனால், ‘ஒத்துக்கிட்டவனையே விட்டுட்டாங்க’ என்று ஊர் பேசுகிறது.

செல்லுபடியாகும் ஒப்புதல் மாஜிஸ்திரேட் முன்னால் சொல்வது. அதை நேரில் பார்த்தவர்கள் குறைவு. மேலூரில் ஒருமுறை ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். ஐயா முதலில் போலீஸ்காரர்களை வெளியே அனுப்பினார். “நீ எதுவும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. சொன்னால் உனக்கு எதிராகவே அது பயன்படும். யாரும் அடிச்சாங்களா?” என்று நிதானமாகக் கேட்டார். யோசிக்க ஒரு நாள் கொடுத்து ஜெயிலுக்கு அனுப்பினார். மறுநாள் வந்த பையன் ஜன்னல் வழியாக வராந்தாவில் தெரிந்த ஒரு ஜோடி பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “நான் ஒண்ணும் சொல்லலைங்கய்யா” என்றான். அதோடு முடிந்தது. அப்படி மறுத்தவனைத் திரும்பப் போலீஸ் காவலில் ஒப்படைக்கக் கூடாது என்பதும் சட்டம்தான்.

சரி, இதையெல்லாம் பெரிதாக நினைக்கும் நம் ஜனங்கள், உண்மையிலேயே கனமான ஒப்புதலைக் கொசுவடிப்பது போலச் செய்துவிட்டு வருகிறார்கள். என் அக்கா மகன் திருமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். 2019இல் ஒரு பைக்கில் இடித்துவிட்டான். பைக்காரர் செல்போன் பேசிக்கொண்டே குறுக்கே வந்தார் என்பது இவன் கட்சி. கோர்ட்டில் யாரோ, “ஒத்துக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சிரும், இல்லேன்னா வாய்தா வாய்தாவா அலையணும்” என்றிருக்கிறார்கள். இவனும் ‘ஒத்துக்கிறேன்’ என்று 1,500 ரூபாய் கட்டிவிட்டு, மாமா என்னிடம்கூடச் சொல்லாமல் சவாரிக்குப் போய்விட்டான்.

அது தண்டனை என்பது அவனுக்குத் தெரியாது. மறு வருஷம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அந்த அபராதத் தீர்ப்பின் நகலைத்தான் முதலில் நீட்டினார்கள். அது முடிந்த முடிவும் அல்ல. கூண்டில் ஏறி, அலைய முடியாமல் ஒத்துக்கொண்டேன், நடந்தது இப்படி என்று விளக்கம் சொல்ல இடமிருந்தது. இவனோ நோட்டீஸ் கவரைப் பிரிக்காமல் டி.வி. ஸ்டாண்டில் கரண்ட் பில்லோடு சேர்த்து வைத்திருந்தான். இன்சூரன்ஸ் வேறு விபத்துக்குப் பதினொரு நாளுக்கு முன்பே முடிந்திருந்தது. இவன் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டியாக (ஒருதலையாக) உத்தரவு ஆகி, வட்டியோடு சேர்த்து இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதைக் கேட்டு யாரும் அடிபட்டவரை ரோட்டில் விட்டுவிட்டு ஓடிவிட வேண்டாம். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவில் டிரைவருக்கு அது கடமையாகவே இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இரண்டு. ‘ஒப்புக்கொண்டார்’ என்று தலைப்புப் போடும் இடத்தில் ‘ஒப்புக்கொண்டதாகப் போலீசார் தகவல்’ என்று போடுங்கள். தலைப்பில் இடம் பற்றாது என்றால் ‘பரபரப்பு’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். அப்புறம், சின்னக் கேஸ்களில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் பின்னால் என்னென்ன வரும் என்று ஒரு வக்கீலை வைத்து ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். எங்கள் டீக்கடையில் அதையும் நானே சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
மேலூர், மதுரை மாவட்டம்.
(அக்கா மகன் கோபித்துக்கொள்வான், பெயர் போட வேண்டாம்.)