உதவித்தொகை வேலை பன்னிரண்டாம் வகுப்பிலேயே தொடங்கட்டும்: பழங்குடியினர் நல இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பழங்குடியினர் நல இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் பணியில் இருப்பவர்கள் நாங்கள். தங்களிடம் கேட்பது முக்கியமாக ஒன்றுதான். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்கு வேண்டிய சான்றிதழ், ஆதார், வங்கி வேலைகள் அத்தனையும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள், படிக்கும் பள்ளியிலேயே முடிந்துவிட வேண்டும்.

திட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. மத்திய அரசு 75 விழுக்காடும் மாநில அரசு 25 விழுக்காடும் தருகின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போதும். ஆனால் கல்லூரிப் படிப்புக்கான விண்ணப்பம் அங்கே சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்குள் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வட்டிக்கு வாங்கியாகிவிடுகிறது. சான்றிதழில் ஒரு சிக்கல் வந்தால் அந்த ஆண்டுப் பணம் தேர்வெல்லாம் முடிந்த பிறகே கைக்கு வருகிறது. இதற்கிடையில் படிப்பை விட்டுவிட்டுச் செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போன பிள்ளையை யாரும் திரும்பக் கூட்டி வருவதில்லை.

முதலில் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரே கொடுத்துவிடுகிறார். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ கையெழுத்திட வேண்டும். இ-சேவை மையத்தில் போட்ட மனு வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி, கள விசாரணையும் முடிந்த பிறகே அவர் மேசைக்குப் போகிறது. அப்பாவுக்குச் சான்றிதழ் இல்லை என்றால் அங்கேயே நின்றுவிடும். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்களில் இது சர்வசாதாரணம். நரிக்குறவர் சமூகம் 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலுக்கு வந்தது. அவர்கள் வீடுகளில் இருப்பது பழைய மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அதை மாற்றாமல் விண்ணப்பித்தால் நேரே நிராகரிப்புதான். மே மாதம் கலந்தாய்வுக்குப் பதிவு தொடங்கும்போது இந்த மனுவைப் போட்டால் எப்படி நேரத்துக்குக் கிடைக்கும்? பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதமே தலைமையாசிரியர் கணக்கெடுத்து, சான்றிதழ் இல்லாத பிள்ளைகளின் பெயரைக் கோட்டாட்சியருக்கு அனுப்ப வேண்டும்.

(ஈரோடு மாவட்டம் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளி என்னும் மலைவாழ் இனத்தாருக்கு இந்த வழியும் இல்லை. பட்டியலில் மலையாளி இனம் பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கிறது. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம் என்றாலும், தங்கள் துறை விடாமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.)

அடுத்தது வங்கி. அதிகம் பணம் நிற்கும் இடம் இதுதான். "பேங்க்ல ஆதார் குடுத்துட்டோம்" என்று பெற்றோர் சொல்வார்கள். பாஸ்புக் கணக்கில் ஆதார் எண் ஏறியிருக்கும். ஆனால் வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்தின் பட்டியலில் அந்த வங்கியின் பெயர் ஏறியிருக்காது. ஆதார் வழியாக வரும் பணம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போகும். பல கணக்குகள் இருந்தால் கடைசியாக சீடிங் ஆன (அந்தப் பட்டியலில் ஆதாரோடு இணைந்த) வங்கிக்கே போகும். ஆறாம் வகுப்பில் திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். 18 வயது நிரம்பிய பின் புதுக் கையெழுத்தும் கேஒய்சி எனப்படும் அடையாள ஆவணங்களும் கொடுக்காத மைனர் கணக்கு முடங்கிக் கிடக்கும்.  

இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. மைஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலையைப் பார்த்தால் எந்த வங்கி, செயலில் இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடும். ஆனால் அதற்கு ஓடிபி வேண்டும். ஆதாரில் இருக்கும் எண்ணோ, ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன சிம். அதை மாற்றப் பெரும்பாலும் ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கிறது. ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ அதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகைப் புதுப்பிப்பை விட்டிருந்தால் அதையும் அங்கேதான் செய்தாக வேண்டும்.

ஆகவே டிசம்பரில், அரையாண்டுத் தேர்வை ஒட்டி, ஒவ்வொரு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிட மேல்நிலைப் பள்ளியிலும் ஒரு நாள் முகாம் நடத்துங்கள். ஆதார் இயந்திரம், வங்கி ஊழியர், இ-சேவை ஆள், வி.ஏ.ஓ. நால்வரும் ஒரே நாளில் வர வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் மீதிப் பேர் வந்ததில் பயனில்லை. பள்ளிப் பதிவு, ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அன்றைக்கே ஒப்பிட்டுவிடலாம். வருமானச் சான்றிதழை மட்டும் அப்போது எடுக்கக் கூடாது. அது ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதால் ஏப்ரல் கடைசியில் எடுத்தால்தான் கல்லூரி விண்ணப்பத்துக்கும் பயன்படும்.

தொகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2010 ஜூலையில் நிர்ணயித்த விகிதத்தில், வீட்டிலிருந்து வந்து போகும் பி.ஏ., பி.எஸ்சி. மாணவருக்குப் பராமரிப்புப் படி மாதம் 300 ரூபாய், விடுதி மாணவருக்கு 570 ரூபாய். நாளுக்குப் பத்து ரூபாயில் மலையிலிருந்து பஸ் ஏறி யாரும் கல்லூரிக்குப் போய்வர முடியாது. மத்திய அரசு உயர்த்தும் வரை, ஆகும் செலவுக்கும் இந்தப் படிக்கும் உள்ள வித்தியாசத்தை மாநில நிதியில் கொடுக்கப் பரிந்துரையுங்கள்.

மேற்படிப்புக்கான திட்டங்களும் பிள்ளைகளின் காதுக்கு எட்டுவதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 20 இடங்கள். அவற்றில் 3 தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற மிகவும் பின்தங்கிய பழங்குடிகளுக்கானவை. முதுகலை படிக்கும் பிள்ளைகளின் பட்டியல் தங்கள் துறையிடம் இருக்கிறது. அறிவிப்பு வந்த வாரமே அவர்கள் போனுக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும்.

டிசம்பர் முகாமுக்கான சுற்றறிக்கை அக்டோபருக்குள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மாவட்டங்களில் முகாம் நடக்கும் நாளைச் சொன்னால், விண்ணப்பம் நிரப்ப நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பப் பணி செய்யும் தன்னார்வலர்கள்