ஆபீஸ் நாய்க்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்

அன்புத் தம்பிக்கு,

பாளையங்கோட்டையில் நாலு பேரை வைத்துக் கட்டட வடிவமைப்பு ஆபீஸ் திறந்திருக்கிறாய்; வாசலில் கிடந்த நாய்க்குட்டியையும் உள்ளே சேர்த்துக்கொண்டாய் என்று கேள்விப்பட்டோம். ரொம்ப சந்தோஷம். கன்னி, சிப்பிப்பாறை என்று நாட்டு வேட்டைநாய் இனங்களைத் தேடி அலையாததும் நல்லதுதான். அவை ஓடி வேட்டையாடப் பிறந்தவை, பகலெல்லாம் மேஜைக்கடியில் கட்டிப்போட்டால் வாடிவிடும்.

முதலில் ஆளை முடிவு செய். சின்ன ஆபீசில் நாய் எல்லாருக்கும் செல்லம், அதனாலேயே அது யார் பொறுப்பும் இல்லாமல் போய்விடும். டிராஃப்ட்ஸ்மேன் பிஸ்கட் போடுவார், சூப்பர்வைசர் பிரியாணி எலும்பு கொண்டுவருவார், பயிற்சிக்கு வந்த பிள்ளை சாக்லேட் பிய்த்துக் கொடுக்கும். சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றுமே நாய்க்கு விஷம். சோறு வைப்பது ஒரே ஆளாக இருக்கட்டும். அவர் லீவு போட்டால் யார், ஞாயிற்றுக்கிழமை யார், தீபாவளிக்கு யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது என்பதையும் இப்போதே பேசிவிடு.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி. பிறகு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதம் முடிந்ததும் போட்டு, டாக்டர் சொல்லும் கணக்கில் தொடர வேண்டும். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். ஊசிகள் முடியும்வரை தெருநாய்களோடு விடாதே; பார்வோ என்கிற வைரஸ் கழிச்சல் வந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம்.

கட்டட மாடல் செய்யும் மேஜையைச் சுற்றித்தான் ஆபத்து அதிகம். கட்டர் கத்தியின் மழுங்கிய நுனியை ஒடித்ததும் அந்தத் துண்டை மூடி போட்ட டப்பாவில் போடப் பழக்கு. கீழே விழுந்தால் பாதத்தில் ஏறும், இல்லையென்றால் தெர்மாகோல் துண்டோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். தெர்மாகோல் செரிக்காது, குடலை அடைக்கும். பல் முளைக்கிற வயசில் குட்டி வயரைக் கடிக்கும். கம்ப்யூட்டர் வயர்களைத் தரையில் விடாமல் குழாய்க்குள் ஓட்டிவிடு. வராந்தா கேட்டில் கம்பி இடைவெளி 2 அங்குலத்துக்கு மேல் இருந்தால் குட்டி தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். கேட் வரைவது உன் தொழில், இதையும் வரைந்துவிடு.

சைட்டுக்குக் கூட்டிப்போகாதே. ஈரச் சிமெண்டின் காரம் பாதத்தைப் புண்ணாக்கும், நாய் அதை நக்கினால் வாயும் வெந்துபோகும்; மிதித்துவிட்டால் நக்கவிடாமல் உடனே நிறையத் தண்ணீரில் கழுவு. கரையான் மருந்து அடித்த குழியில் தேங்கிய தண்ணீர் அதைவிட மோசம். குளோர்பைரிபாஸ் போன்ற கரையான் மருந்து கலந்த தண்ணீரைக் குடித்தால் எச்சில் வடியும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். டாக்டரிடம் ஓடும்போது மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போ.

வீடு கட்டப் பேச வருகிறவர்களில் நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. போனிலேயே கேட்டுவிடு, வரும் நேரத்துக்குக் குட்டியைப் பின்கட்டில் விடு. யாரையாவது கடித்துவிட்டால், கீறல்தானே என்று விடாதே. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும். அங்கே முதலில் நாயின் ஊசிக் கணக்கைத்தான் கேட்பார்கள். அது எழுதிய அட்டையைப் பிளான் அப்ரூவல் ஃபைல்களுக்குள் சொருகாமல், பொறுப்பாளர் மேஜை டிராயரில் வை.

அன்புடன்,
உன் அண்ணன்மார்