கண்ணு ஆபரேஷனும் கேஸ்மென்ட்டும்

டேய் ராமு,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு திட்டாத, இடது கண்ணுக்கு காட்டராக்ட் பண்ணிக்கிட்டேன், படிக்கக் கூடாது குனியக் கூடாதுன்னு வீட்டுல ஒரே கெடுபிடி. பேரன் போன்ல எதையாவது போட்டு விடுவான், கேட்டுக்கிட்டே படுத்துக் கிடந்தேன். அப்ப மாட்டினவர்தான் ரோஜர் கேஸ்மென்ட், அயர்லாந்துல டப்ளின்ல பொறந்து பிரிட்டிஷ் கான்சலா, அதாவது வெளிநாட்டுல பிரிட்டிஷ் சர்க்காரோட பிரதிநிதியா இருந்த ஆளு. கேட்கக் கேட்க உன் ஞாபகம்தான்.

1903ல காங்கோவுல ரப்பருக்காக ஜனங்கள என்ன பாடு படுத்துறாங்கன்னு நேர்ல பாத்து எழுதப் போனார். அப்ப அது பெல்ஜியம் நாட்டுக்குக்கூட சொந்தமில்ல, லியோபோல்ட் ராஜாவோட தனிச்சொத்து மாதிரி. சர்க்கார் படகுல போனா அவங்க காட்டுறதத்தான் பாக்கணும்னு மனுஷன் ஒரு மிஷன்காரங்களோட சின்ன நீராவிப் படக வாடகைக்கு எடுத்துக்கிட்டு ஆத்துல மேல போயிருக்கார். நீ ஆடிட்டுக்குப் போறப்ப அந்த ஆபீஸ் ஜீப் வாசல்ல நிக்க நிக்க டவுன் பஸ்ஸப் புடிச்சுப் போவியே, அவங்க டீயக்கூட தொட மாட்டியே, அதேதான்டா. கணக்குன்னு சொன்னா அங்கயும் ஒரு கணக்கு இருந்துருக்கு, சிப்பாய் செலவு பண்ற ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வலது கையக் கொண்டாந்து காட்டணுமாம், வேட்டையில தோட்டாவ வீணாக்கினவன் உசுரோட இருக்கறவன் கைய வெட்டிக் கணக்க நேர் பண்ணியிருக்கான். அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல.

1904ல ரிப்போர்ட் வெளிவந்து பெரிய ரகளை, 1908ல ராஜா கையவிட்டு காங்கோ போச்சு. அப்புறம் 1910ல அமேசான் பக்கம் புட்டுமாயோ, அங்கயும் ரப்பர், அங்கயும் அடிமைத்தனம், ஆனா இந்தத் தடவ கம்பெனி லண்டன்லயே பதிவானது! அதுக்கும் ஒளிக்காம எழுதினார், 1911ல சர் பட்டம் குடுத்தாங்க.

அஞ்சே வருஷம், பட்டம் குடுத்த கையே தூக்குலயும் போட்டுச்சு. ஊர் ஊரா அடுத்தவன் அடிமைப்பட்டதப் பாத்தவருக்கு தன் அயர்லாந்தும் அப்படித்தான்னு தோணிருச்சு. உலகப் போர் நேரத்துல ஜெர்மனிக்குப் போய் ஆயுதம் கேட்டார், 1916 ஏப்ரல்ல நீர்மூழ்கிக் கப்பல்ல அயர்லாந்தோட கெர்ரி கரையில வந்து இறங்கின அன்னைக்கே புடிச்சுட்டாங்க. ஜெர்மனிகிட்ட போனது எனக்கு ஒப்பலடா, ஆனா வேற யார்கிட்டதான் போவார்? கேஸ் நடந்தது 1351ஆம் வருஷத்து ராஜத்துரோகச் சட்டத்துல, வெளிநாட்டுல செஞ்சதுக்கு அது செல்லுமா செல்லாதாங்கறது ஒரு கமாவுல வந்து நின்னுச்சாம், ஜட்ஜுங்க பழைய தோல் சுவடிய எடுத்துப் பாத்தாங்களாம். நாப்பது வருஷம் நாம கமாவும் புல்ஸ்டாப்பும் திருத்தினோமே, ஒருத்தன் கழுத்து அதுல தொங்கும்னு நெனச்சிருப்போமா!

அதோட விடல, கருணை கேட்டு கையெழுத்து வாங்கிக்கிட்டிருந்தப்ப அவரோட அந்தரங்க டைரின்னு சொல்லி, ஆம்பளைங்களோட உறவு வெச்சிருந்தவர்னு அதுலருந்து பக்கங்கள ரகசியமா காட்டி ஆதரவ உடைச்சாங்க. தூக்க விட அதுதான்டா எனக்கு அசிங்கமாப் பட்டுச்சு. 1965லதான் எலும்ப அயர்லாந்துக்குக் குடுத்தாங்க, அதுவும் அவர் ஆசப்பட்ட, பிரிட்டன் கையிலயே இருந்த வட அயர்லாந்து ஆன்ட்ரிம் கரையில பொதைக்கக் கூடாதுங்கற கண்டிஷனோட.

உண்மைய எழுதின உன்னைய மூணு தடவ தூக்கியடிச்சாங்களே, அப்ப நான் உனக்காக வாயத் தொறக்கல, அது இன்னும் உறுத்துது.

சரி, ஆவணியில சின்னவ கல்யாணம், பத்திரிகை தனியா வரும். ஸ்டேஷனுக்கு கார் அனுப்புறேன், அதுலயாவது ஏறுடா.

உன்,
சேது