நம் ஊர்ச் சைக்கிள் கொட்டகைக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், திருச்சி, திருப்பூர், சிங்கப்பூர் என்று போய்ப் பிழைக்கும் நம் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். பழைய ரேஷன் கடைச் சுவரை ஒட்டி ஒரு சைக்கிள் கொட்டகை போடப் போகிறோம். இருபதடிக்குப் பன்னிரண்டடி, தகரக் கூரை, சிமென்ட் தரை. அதில் 22 சைக்கிள் நிற்கும். தேவைப்பட்டவர் பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போகலாம், வேலை முடிந்ததும் கொண்டுவந்து நிறுத்தலாம். மொத்தச் செலவு 1,46,300 ரூபாய். இதுவரை 41,500 சேர்ந்திருக்கிறது. மீதி 1,04,800 ரூபாய்க்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்கு வீடு பைக் நிற்கிற காலத்தில் சைக்கிள் எதற்கு என்று குழுக் கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வீட்டில் பைக் நிற்கிறது, ஆனால் சாவி யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவரிடம் திருப்பிக் கேட்டோம். காலையில் வேலைக்குப் போகிறவர் பைக்கை எடுத்துப் போய்விட்டால், இரவு அவர் திரும்பும்வரை வீட்டில் இருக்கிற மற்ற நாலு பேரும் நடைதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனால் பஸ் நம் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் வருகிறது. அது வயலுக்குப் போகாது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடியும்வரை காத்திருக்கவும் செய்யாது. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய கதையை நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழுவில் பதினோரு பேர் இருக்க, இந்தக் கடிதத்தை என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1992-இல் நான் இந்த ஊரில் அறிவொளித் தொண்டராக இருந்தேன், பத்தொன்பது வயது. இன்றைய பிள்ளைகளுக்கு அறிவொளி என்றால் என்னவென்று தெரியாது. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதில் தீவிரமாக இருந்தார், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் முயற்சி எடுத்தார். அந்த வருஷம் மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் வந்தார்கள். மாவட்டத்தில் சைக்கிள் பழகிய பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் என் அம்மாவும் ஒருவர்.

அம்மா கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர். போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர், அவ்வளவும் நடை. அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. பள்ளிக்கூட மைதானத்தில் பழக மாட்டேன் என்றுவிட்டார், எதிரில்தான் டீக்கடை. அதனால் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் போனோம். கடையில் லேடீஸ் சைக்கிள் கிடையாது, மணிக்கு ஒரு ரூபாய் வாடகைக்கு ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிள்தான் கிடைத்தது. சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஏறினார். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் பார்வை முழுக்க முன் சக்கரத்தின் மேலேயே இருந்தது. "கீழ பாக்காதம்மா, தூரத்துல அந்தப் பனைமரத்தப் பாரு" என்றேன். பார்த்தார். நேராகப் பனைமரத்தில் போய் மோதினார். முழங்கையில் ரத்தம். எழுந்ததும் அவர் சொன்னது: "வாடகை வண்டிடி, ஹேண்டில் கோணிருச்சான்னு பாரு."

நாலாம் நாள் ஓட்டிவிட்டார், ஆனால் இறங்கத் தெரியவில்லை. நான் மூச்சு வாங்கிக் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்மாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றும்போது ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டினார், அப்புறம் திட்டுவதை மறந்து சிரிக்க ஆரம்பித்தார். வாடகை நேரம் முடிந்து இன்னொரு அரைமணி ஓடிவிட்டது. கடைக்காரர் நோட்டில் அந்த அரைமணியையும் எழுதிவிட்டு, "சரி போங்க, எறங்கத் தெரியாததுக்கெல்லாம் காசு வாங்க முடியுமா" என்று அதைக் கோடு போட்டு அடித்துவிட்டார்.

அதன் பிறகு அம்மா கடனில் ஒரு சைக்கிள் வாங்கினார். அதுவும் நடுவில் பார் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிள்தான். லேடீஸ் சைக்கிளில் சின்னத் தம்பியை எங்கே உட்கார வைப்பது? குவாரிக்கு ஒன்றேகால் மணி நேரம் நடந்தவருக்கு அரைமணி கூட ஆகவில்லை. இரண்டு குடம் தண்ணீர் கேரியரில் வந்தது. தோட்டத்துக் கத்தரிக்காயைத் தரகரிடம் தள்ளிவிடாமல் சந்தைக்குத் தானே கொண்டுபோனார். பேச்சு வராமல் இல்லை. டீக்கடையில் பேசினார்கள், அதில் பாதியை இங்கே எழுத முடியாது. ஆனால் அப்பாவை "கொஞ்சம் கொண்டுபோய் விடுங்க" என்று கேட்டுவிட்டு வாசலில் காத்து நிற்பது அன்றோடு நின்றது.

நான் இன்னும் ஓட்டுகிறேன். அங்கன்வாடி வேலைக்குச் சைக்கிளில் போய் வந்தே காலம் ஓடிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னால் நடக்கலாம், ஆனால் மார்கழியில் விடிவதற்கு முன் கண்மாய்க்கரையில் பெடலை நிறுத்திவிட்டுச் சரிவில் சும்மா உருண்டு இறங்கும்போது காதில் அடிக்கிற குளிர் நடையில் கிடைக்காது. இதற்கெல்லாம் நன்கொடை கேட்க முடியாது என்று பொருளாளர் சொல்கிறார். சரி.

அந்த வாடகைக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், கொட்டகை யோசனையே அங்கிருந்துதான் வந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட நம் ஊர் ஆண்கள் அநேகமாக எல்லோருமே அங்கேதான் பழகினார்கள். சீட்டுக்குக் கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல். மட்கார்டில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர். ஏழாம் நம்பருக்குப் பிரேக் பிடிக்காது, தெரிந்தும் அதற்குத்தான் அடிதடி, ஏனென்றால் அது ஒன்றுதான் சின்ன சைக்கிள். கடை ஓரத்தில் பாதி வெட்டிய தகர டிரம்மில் தண்ணீர். கடைக்காரர் ட்யூபை அதில் அமுக்கி, குமிழி கிளம்புகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, காயவிட்டு, ஒட்டை வைத்து அழுத்துவார். காயும் முன்னால் ஒட்டினால் நிற்காது என்று பத்துத் தடவை சொல்வார். முன் சக்கரத்தில் எத்தனை கம்பி, பின் சக்கரத்தில் எத்தனை கம்பி என்று கேட்பார். முன்னால் 32, பின்னால் 40 என்று சரியாகச் சொன்னால் கால்மணி இலவசம். பாரம் பின்னால்தானே உட்காருகிறது, அதனால்தான் அங்கே எட்டுக் கம்பி கூட என்பார்.

கடை மூடிப் பல வருஷம் ஆகிறது. அவருக்கு இப்போது எழுபத்து நான்கு. கொட்டகை விஷயத்தைச் சொல்லிக் கருவிகளை விலைக்குக் கேட்கப் போனோம். கோணிச் சாக்கை அவிழ்த்துக் காட்டினார். ஸ்பேனர், டயர் நெம்புகிற கம்பி, கோட்டம் எடுக்கிற சாவி என்று எல்லாமே எண்ணெய் பூசித் துணியில் சுற்றியிருந்தன. காசு வாங்க மாட்டேன் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வாரம் இரண்டு நாள் அவர் வந்து உட்காருவார், பையன்கள் இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும்.

சைக்கிளுக்கு எங்கே போவது? நம் வீடுகளிலேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறது. பிள்ளை படித்து முடித்துக் கல்லூரிக்கோ வேலைக்கோ போனதும் அது மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாத்தி வைக்கப்படுகிறது. அப்புறம் அதில் துணி காய்கிறது, கோழி அடைகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போனதில் 31 சைக்கிள் கிடைத்தன. மனமுவந்து கொடுத்தார்கள், ஒரு வீட்டில் மட்டும் கோழிக்கு வேறு இடம் கேட்டார்கள். பார்த்ததில் 22 தேறும். மற்ற ஒன்பதில் ஃபிரேம் விரிசல் விட்டுவிட்டது, உதிரிக்கு ஆகும்.

முதல் உரிமை ஒன்பது, பத்து படிக்கும் பிள்ளைகளுக்கு. நம் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான். உயர்நிலைப் பள்ளி ஐந்தரை கிலோமீட்டர். அரசு சைக்கிள் கைக்கு வருவது பதினொன்றில். இடையில் அந்த இரண்டு வருஷம்தான் பெண்பிள்ளைகளை "போதும்டா சாமி" என்று நிறுத்திவிடுகிறார்கள். பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், உயர்நிலை வகுப்பில் பெண்கள் சேர்வது சுமார் 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். நமக்கு ஐந்தரை என்பதை மறுபடி நினைவுபடுத்துகிறோம்.

இப்போது ஒரு கசப்பான விஷயம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றை ஆரம்பித்துக் கெடுத்தவர்களும் நாங்கள்தான். ஐந்து சைக்கிளை நூலக வராந்தாவில் நிறுத்தினோம், யாரும் எடுக்கலாம் என்றோம். பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. நம் ஊர் சீமைக்கருவேல முள்ளுக்கு எந்த டயரும் தாங்காது. பஞ்சர் ஆனவர்கள் அப்படியே சாத்திவிட்டுப் போனார்கள். மூன்று மாதத்தில் ஐந்தும் காற்றில்லாமல் நின்றன. ஒன்றின் சீட்டைக் காணோம், அது யார் வீட்டில் முக்காலி ஆகியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், இருக்கட்டும். அப்போது பணம் கொடுத்த பதினான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

அதனால் இந்தத் தடவை கணக்கை வேறு மாதிரி போட்டிருக்கிறோம். தினமும் காலையும் மாலையும் கொட்டகையில் இருந்து காற்று, பஞ்சர், பிரேக் பார்க்கும் ஆளுக்கு மாதம் 3,000 வீதம் ஒரு வருஷத்துக்கு 36,000 ஒதுக்கியிருக்கிறோம். ஆள் சம்பளத்துக்கா நன்கொடை என்று சிலர் முகம் சுளித்தார்கள். கூரைக்குக் கொடுத்தால் பெயர் எழுதலாம், சம்பளத்துக்குக் கொடுத்தால் எழுத முடியாது என்பதுதான் வித்தியாசம். எங்களைக் கேட்டால் முதலில் இதற்குக் கொடுங்கள். கொட்டகைக்கு 58,000. சைக்கிள் ஒன்றை ஓவராயில் பண்ணி, டயர், ட்யூப், பிரேக் கட்டை, செயின் மாற்ற சராசரியாக 1,400 வீதம் 30,800. காற்றடிக்கிற மெஷினுக்கு 9,500. ஒரு வருஷத்து ஒட்டு, சொல்யூஷன், ட்யூப், கிரீஸ் வகைக்கு 12,000. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாடகை கிடையாது. மற்றவர்கள் நாளைக்குப் பத்து ரூபாய் தர வேண்டும், இரண்டாம் வருஷச் செலவு அதில்தான் ஓட வேண்டும். ஓடுமா என்றால், இழுத்துப் பிடித்தால் ஓடும்.

இவ்வளவுதான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. 1,400 கொடுத்தால் ஒரு சைக்கிள் எழுந்து நிற்கும். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வெல்டிங் தெரிந்தவர்கள் இரண்டு நாள் கூலி விட்டுக்கொடுத்தால் கூரைச் செலவில் நல்ல தொகை குறையும். சிங்கப்பூர்த் தம்பிகளே, ஏழாம் நம்பருக்காக அடித்துக்கொண்டவர்கள் யார் யார் என்று பழைய நோட்டில் இருக்கிறது, கடைக்காரர் பத்திரமாக வைத்திருக்கிறார். அதில் பாக்கியும் எழுதியிருக்கிறது. வட்டி போடவில்லை என்று சொல்லச் சொன்னார்.

பணத்தைக் குழுவில் யாரிடமும் கொடுக்கலாம், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு எண் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியிருக்கிறது, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருக்கிறோம். பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். மாதக் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுவோம். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை ஏறியாக வேண்டும். ஆவணி முடிவதற்குள் கொடுத்தால் தகரம் வாங்கச் சரியாக இருக்கும்.

ஒன்றாம் நம்பர் சைக்கிள் ஏற்கெனவே வந்துவிட்டது. அம்மாவுடையது. முழங்கால் விடவில்லை, ஓட்டி ஏழெட்டு வருஷம் ஆகிறது. டயர் இரண்டும் மாற்ற வேண்டும், ரிம்மில் கோட்டம் இருக்கிறது, பெல் மட்டும் நன்றாக அடிக்கிறது. தம்பி உட்காருவதற்காகப் பார் கம்பியில் சுற்றிய பழஞ்சேலைத் துணி இன்னும் அதில் இருக்கிறது. பெயின்ட் அடிக்கும்போது அதை அவிழ்க்கக் கூடாதாம். யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்கிறார்.

இப்படிக்கு,
சைக்கிள் கொட்டகைக் குழுவினர்
அன்னவாசல் பக்கம், புதுக்கோட்டை மாவட்டம்