சிப்பி எந்த வளைகுடாவிலிருந்து வந்தது என்று பலகையில் எழுதட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் குடியிருப்புப் பகுதிகளில் பெருகிவரும் சிறிய சிப்பி உணவகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வெள்ளைத் துணி விரித்த மேசைகளும் ஆடம்பரமும் இல்லாமல், ஒரு நீண்ட கவுண்டரும் நான்கைந்து நாற்காலிகளும் நொறுக்கிய பனிக்கட்டித் தட்டும் மட்டுமே வைத்துக்கொண்டு நடத்தப்படும் அக்கடைகளின் இயல்பைக் கட்டுரையாளர் நன்றாகவே பிடித்திருந்தார். நானும் அத்தகைய கடை ஒன்றுக்குச் சென்றுவருபவன் என்பதால் அவருடைய பாராட்டில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் பச்சைச் சிப்பியின் மேல் எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் கிருமிக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று போகிற போக்கில் அவர் எழுதியிருக்கும் வரியை அப்படியே விட்டுவிட முடியாது. இதைப் படித்துவிட்டு, சர்க்கரை வியாதி உள்ள தந்தையையோ மாமனாரையோ பிறந்தநாள் விருந்துக்கு அங்கே அழைத்துச் செல்பவர்கள் இருக்கக்கூடும்.

எலுமிச்சைச் சாறும், மிளகாய்ச் சாறும், கூடவே பருகும் மதுவும் சிப்பிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்வதில்லை. கடல்நீரை வடிகட்டி அதிலுள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழும் பிராணி சிப்பி. ஆகவே நீரில் எது இருக்கிறதோ அது சிப்பியின் குடலிலும் திசுவிலும் சேர்ந்துவிடுகிறது. மேலே தெளிக்கும் புளிப்பு அங்கே எட்டாது. வெதுவெதுப்பான கடல்நீரில் இயற்கையாகவே வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி சிப்பியின் நிறத்தையோ மணத்தையோ சுவையையோ சிறிதும் மாற்றுவதில்லை என்பதால், முகர்ந்து பார்த்து நல்லது கெட்டது சொல்லும் நம் வீட்டு ஆயாக்களின் கைப்பழக்கமும் இங்கே பயன்படாது. நல்ல உடல்நலம் உள்ளவருக்குப் பெரும்பாலும் வயிற்றோட்டத்தோடு போய்விடும் இத்தொற்று, கல்லீரல் நோய், நீரிழிவு, நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைவு ஆகியவை உள்ளவர்களின் இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து; இக்கிருமியின் தொற்று கண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர், சில வேளைகளில் ஓரிரு நாட்களுக்குள்ளேயே, இறப்பதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எச்சரிக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அப்படியிருக்க, ஒரு தமிழ் நாளிதழின் உணவுப் பக்கத்தில் இந்த எச்சரிக்கை இடம்பெறாமல் போனதுதான் எனக்கு வியப்பு.

மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் இக்கிருமியால் நேர்ந்த மரணங்களில் பல, மெக்சிகோ வளைகுடாவின் வெப்பமான நீரில் விளைந்த சிப்பிகளால் ஏற்பட்டவை. நம் நாட்டுப் பண்ணைச் சிப்பிகளின் பெரும்பகுதியோ மேற்குக் கரையில் சல்டான்ஹா வளைகுடா போன்ற இடங்களில், பெங்குவேலா நீரோட்டத்தின் குளிர்ந்த நீரில் வளர்கிறது. அடியாழத்திலிருந்து மேலெழும் அந்த நீரில் உணவு மலிந்திருப்பதால் சிப்பிகள் அங்கே விரைவாகவே கொழுக்கின்றன. இப்பண்ணைகளில் வளர்வது ஜப்பான் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்ட பசிபிக் சிப்பி. நம் பாறைகளில் தானாக விளையும் கேப் பாறைச் சிப்பி வேறு இனம். உண்ணும்போது இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும், பாறைச் சிப்பியின் உப்பும் இரும்புச் சுவையும் தூக்கலாக இருக்கும் என்பது என் அனுபவம்.

ஆனால் சல்டான்ஹாவின் குளிர்ச்சி டர்பன் வரை தானாக வந்து சேர்ந்துவிடுமா? ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரும் பெட்டி, நடுவில் எங்காவது ஒரு பிற்பகல் வெயிலில் நின்றுவிட்டால், குளிர்நீரில் அடங்கிக் கிடந்த கிருமிகள் சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகிவிடும். குளிர்நீருக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. மேற்குக் கரையில் கோடையின் பிற்பகுதியில் கடல் செந்நிறமாகும் காலங்களில் சில நுண்பாசிகள் உண்டாக்கும் நஞ்சு சிப்பியில் சேர்கிறது. உதடு மரத்துப்போவதில் தொடங்கி மூச்சுத் தசைகளையே முடக்கக்கூடிய அந்த நஞ்சு, சமைத்தாலும் அழிவதில்லை. இதைக் கருதியே வனம், மீன்வளம், சுற்றுச்சூழல் துறை பண்ணைகளிலிருந்து மாதிரிகளைச் சோதித்து, நஞ்சு வரம்பைத் தாண்டினால் அப்பகுதியின் அறுவடையை நிறுத்தி வைக்கிறது. ஆக, ஏற்பாடு இருக்கிறது. அது கடற்கரையோடு நின்றுவிடுகிறது என்பதே என் குறை. கவுண்டரில் அமர்ந்திருக்கும் நமக்கு அதன் சுவடே தெரிவதில்லை.

நான் செல்லும் கடையில் சிப்பி திறக்கும் ஸூலு இளைஞரின் தொழில்திறமை பார்க்கத் தக்கது. தடித்த கையுறை அணிந்த கையில், மடித்த ஈரத்துணியின் மேல், குழிந்த ஓடு கீழே இருக்கும்படி சிப்பியை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். இரண்டு ஓடுகளும் கூடும் குறுகிய முனையில் குட்டையான மழுங்கல் கத்தியை நுழைத்து, பலத்தால் நெம்பாமல் மணிக்கட்டை மட்டும் திருப்புகிறார். மெல்லிய ஓசையோடு பிடி விட்டதும், கத்தியை மேலோட்டின் உட்புறத்தோடு ஒட்டியபடியே இழுத்துத் தசையை அறுத்து, உள்ளிருக்கும் உப்புநீர் சிந்தாமல் பனிக்கட்டியின் மேல் நிறுத்துகிறார். வாய் திறந்து கிடக்கும் சிப்பியை இரண்டு முறை தட்டிப் பார்த்து, அது மூடிக்கொள்ளாவிட்டால் உயிரில்லை என்று தயங்காமல் கூடையில் போட்டுவிடுகிறார். இவ்வளவு தெரிந்தவரிடம் இது எந்தக் கடலில் விளைந்தது என்று கேட்டால், பெட்டியில் வந்தது என்று சிரிக்கிறார். முதலாளியிடம் கேட்டால் கேப் பக்கம் என்கிறார். கேப் பக்கம் என்பது அலெக்சாண்டர் பே தொடங்கி அல்கோவா வளைகுடா வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கரையாயிற்றே! இத்தனைக்கும் அக்கடையின் பின்கதவருகே கிடந்த காலிப் பெட்டியில் பண்ணையின் பெயரும், அறுவடை செய்த நாளும், ஓர் எண்ணும் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்தச் சீட்டு குப்பைக்குப் போகிறது. அதன் மேல் இருந்த இரண்டு வரிகள் சுவரில் தொங்கும் கரும்பலகைக்கு வருவதில்லை.

அமெரிக்காவில் இந்தச் சீட்டு ஒரு பெருந்துயரத்துக்குப் பிறகு வந்தது. 1924-25 குளிர்காலத்தில் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் கழிவுநீர் கலந்த கடல்நீரில் இருந்த சிப்பிகளால் டைஃபாய்டு பரவி, சுமார் 1,500 பேர் நோயுற்றனர். சுமார் 150 பேர் இறந்தனர். தெருவுக்குத் தெரு சிப்பிக் கடை இருந்த அந்நகரங்களில் வியாபாரம் படுத்துவிடவே, விளைவித்தவர்களும் விற்றவர்களும் தாங்களே அரசிடம் சென்று கட்டுப்பாடு கேட்டார்கள். அதன் வழியே உருவான விதிகளின்படி, அங்கே ஒவ்வொரு மூட்டையிலும் அறுவடை செய்தவர் யார், எந்த நீர்ப்பரப்பு, எந்த நாள் என்ற சீட்டு இருக்க வேண்டும்; மூட்டை தீர்ந்த பிறகும் உணவகம் அதை 90 நாட்கள் பாதுகாக்க வேண்டும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலுக்குள் புகுந்து நோயாக வெளிப்பட ஏழு வாரங்கள் வரை ஆகலாம் என்பதால்தான் இவ்வளவு நீண்ட காலம். நமக்கும் படிப்பினை இல்லாமல் இல்லை. 2017-18-இல் போலோனி இறைச்சி வழியாகப் பரவிய லிஸ்டீரியா நோயில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று.

எச்சரிக்கைப் பலகை வைத்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்பது கடைக்காரர்களின் வாதம். உண்மையில் பலகையின் குறை வேறு: அது மட்டும் போதாது. கலிஃபோர்னியா மாநிலம் 1991 முதலே உணவகங்களில் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது, மரணங்கள் தொடர்ந்தன. 2003-இல், வெப்பமான மாதங்களில் மெக்சிகோ வளைகுடாச் சிப்பிகளைக் கிருமிநீக்கம் செய்யாமல் விற்கக்கூடாது என்று சட்டமாக்கிய பிறகே அவை பெரிதும் குறைந்தன. ஆகவே ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒட்டிவைப்பதை நான் கேட்கவில்லை. பச்சைச் சிப்பி கேட்பவரிடம், சர்க்கரையோ கல்லீரல் கோளாறோ உண்டா என்று பரிமாறுபவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கொட்டை வகைகள் ஒவ்வாதா என்று இன்று கேட்கப் பழகியவர்களுக்கு இது ஒரு பாரமா?

அப்படி உண்டு என்பவர்கள் எழுந்து போக வேண்டியதும் இல்லை. ஓட்டோடு கொதிநீரில் இட்டு, வாய் திறந்த பிறகும் மூன்று முதல் ஐந்து நிமிடம் வேகவைத்தால் விப்ரியோ அழிந்துவிடும். பிறகு வெண்ணெயும் பூண்டும் சேர்க்கலாம். டர்பன் மசாலா புரட்டி, கறிவேப்பிலையோடு சூடான எண்ணெயில் பொரித்தும் எடுக்கலாம். சமைத்த சிப்பியைத் தாழ்வாக நினைக்கும் மனப்பான்மை சில கடைகளில் இருக்கிறது. அது வீண் பெருமை.

பருவத்தைப் பற்றியும் கட்டுரையாளர் வடதிசைப் புத்தகங்களைப் பார்த்து எழுதிவிட்டார் போலும். மே முதல் ஆகஸ்டு வரை சிப்பி உண்ணலாகாது என்ற பழைய விதி ஐரோப்பாவின் கோடைக்குப் பொருந்தும். அந்த மாதங்கள் நமக்குக் குளிர்காலம். நம் தென்கரை ஊரான நைஸ்னாவில் 1983-இல் தொடங்கிய சிப்பித் திருவிழா ஜூன், ஜூலையை ஒட்டியே நடந்து வருவதைக் கவனித்தால் போதும். ஆடிக் கூழும் புரட்டாசி விரதமும் வந்துவிட்டால் நம் வீடுகளில் பலவற்றில் மீனே அடுப்பேறாது என்பதால், நம்மவருக்கு ஏற்ற காலம் ஆனி மாதமே. ஆனால் சிப்பிக் கடைகளில் கூட்டம் நெரிவது, ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து விடுமுறைக்கு வருவோர் கரையை நிறைக்கும் டிசம்பரின் புழுக்கத்தில்.

இது நம் உணவன்று என்று ஒதுக்கும் பெரியவர்களைப் பற்றிக் கட்டுரையில் சற்றே கேலி இருந்தது. அவர்கள் ஒதுங்கியது விருப்பத்தால் மட்டுமல்ல. சாலிஸ்பரி தீவில் குடியிருந்து டர்பன் விரிகுடாவில் வலை வீசியவர்களில் நம் முன்னோர் பலர். எனினும் 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும் வரை, வெள்ளையருக்கென ஒதுக்கிய கடற்கரை உணவகங்களில் அவர்களுடைய பிள்ளைகள் உட்கார இயலாது. இன்று அக்கவுண்டரில் அவர்கள் வந்து அமரும்போது, முழு விவரம் தெரிந்து அமர வேண்டும் என்பதே என் அக்கறை.

டர்பனில் இக்கேள்விக்குக் கூடுதல் காரணமும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமுற்று, கடற்கரைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டுத் திறக்கப்பட்டதை நாம் அனைவரும் பார்த்தோம். அதன்பின், உள்ளூர்ச் சரக்கு என்று பலகையில் எழுதியிருந்தால் அது பெருமையா எச்சரிக்கையா என்று எனக்குப் புரிவதில்லை. எந்தப் பாறை, எந்த நாள், எடுத்தவருக்கு உரிமம் உண்டா என்று தெரிந்தால்தான் அச்சொல்லுக்குப் பொருள்.

உணவு விற்கும் எந்தக் கடையும் 2018-இல் வெளியான சுகாதார ஒழுங்குமுறையின்படி உள்ளாட்சியிடமிருந்து தகுதிச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். பச்சைச் சிப்பி பரிமாறும் கடைகளுக்கு அதை வழங்கும்போது, விளைந்த இடமும் அறுவடை நாளும் பலகையில் எழுதப்பட வேண்டும், பெட்டிச் சீட்டு மூன்று மாதம் கோப்பில் இருக்க வேண்டும் என்று டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சி கேட்டுக்கொள்ளலாம். பெரும் செலவில்லாத காரியம். தங்கள் நாளிதழ் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவிடம் இது குறித்து விசாரித்து, கிடைக்கும் பதிலை டிசம்பர் விடுமுறைக்கு முன்பே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்