பெயர் சொல்லி மன்றாடுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைப் போரில் இறந்தோரைப் பூசையில் நினைவூட்டுவது ஆறிய புண்ணைக் கிளறுவதாகும் என்றும், தேவாலயம் மன்னிப்பை மட்டுமே போதிக்க வேண்டும் என்றும் தங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். சென்ற ஏப்ரலில் மகனைப் பார்க்க ருவாண்டாவின் கிகாலி நகருக்குச் சென்றபோது நான் பங்குபற்றிய ஞாயிறு பூசையை முன்வைத்து அதற்கு மறுமொழி கூற விரும்புகிறேன்.

அந்நாட்டில் 1994 ஏப்ரல் 7 தொடங்கி ஏறக்குறைய 100 நாட்களுக்குள், ஐக்கிய நாடுகளின் கணக்கின்படி, 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் டுட்சி இனத்தவர். அடைக்கலம் தேடித் தேவாலயங்களுக்குள் ஓடியவர்கள் அங்கேயே மடிந்தார்கள். இன்று நினைவிடமாக இருக்கும் நியாமாட்டா தேவாலயத்தின் வாங்குகளில் இறந்தவர்களின் உடைகள் குவிக்கப்பட்டிருக்கின்றன. துளைபட்ட தகரக் கூரையினூடாக விழுந்த வெளிச்சத்தில், மண்ணிறமாகிப்போன ஒரு குழந்தைச் சட்டையைக் கண்டேன். அதன் பொத்தான்கள் பூட்டியபடியே இருந்தன. 1995 யூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலி சென்பீற்றர்ஸ் தேவாலயத்தில் தஞ்சமடைந்து குண்டுவீச்சில் பலியானோரை நினைக்காமல் என்னால் அங்கு நிற்க முடியவில்லை.

நான் சென்ற பங்கில், விசுவாசிகள் மன்றாட்டின்போது அப்பங்கில் கொல்லப்பட்டோரின் பெயர்களை ஒருவர் நிதானமாக வாசித்தார். ஒரே குடும்பப் பெயர் ஆறேழு தடவை தொடர்ந்து வந்தபோதும் அவர் அவசரப்படவில்லை. சமாதானம் பகிரும் வேளையில் முன்வரிசையில் இருந்த முதியவர் திரும்பிக் கை நீட்ட, எனக்கருகில் இருந்த பெண் அக்கையைத் தொட்டு உடனே விட்டார்; முகத்தில் சிரிப்பில்லை. கொலைக் குற்றத்துக்காகச் சிறையிருந்து திரும்பியவர் அம்முதியவர் என்று எங்களை அழைத்துச் சென்ற அயலவர் பின்னர் சொன்னார். “அப்படியானால் அந்தப் பெண் மன்னித்துவிட்டாரா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. விருந்தாளியாக வந்த நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் வருந்துகிறேன்.

மன்னிப்பைப் போதிக்கும் முன் அங்குள்ள திருச்சபை தன் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மக்கள் உள்ளே இருக்கும்போதே நியாங்கே தேவாலயத்தைப் புல்டோசரால் இடிக்கத் துணைபோன குருவானவர் ஒருவருக்கே ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2008 இல் மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை விதித்தது. கத்தோலிக்கர்கள் அக்கொலைகளில் பங்கெடுத்ததற்காக ஆயர்கள் மன்னிப்புக் கேட்ட அறிக்கை 2016 நவம்பரிலும், பாப்பரசர் பிரான்சிஸின் மன்னிப்புக் கோரிக்கை 2017 மார்ச்சிலும்தான் வந்தன. நடந்ததை நடந்ததென்று சொல்லவே இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

கொழும்பில் தமிழரும் சிங்களவரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகிறோம். ஆனால் “போரில் இறந்த அனைவருக்காகவும்” என்ற ஒரு வரியோடு எங்கள் மன்றாட்டு முடிந்துவிடுகிறது. வரும் மே மாதத்தின் ஒரு ஞாயிற்றிலாவது, எந்த இனத்தவராயினும் விரும்பும் குடும்பங்களிடம் பெயர்களைப் பெற்று, இரு மொழிகளிலும் நடக்கும் பூசைகளில் அவற்றை வாசிக்கும்படி பங்குக் குருவானவர்களைத் தங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். 2009 இல் வன்னியில் இறந்த என் தங்கையின் பெயரையும் அவளுடைய மகனின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
கொட்டாஞ்சேனை வாசகி,
கொழும்பு 13