கூடையைக் காலி செய்யாமல் இருந்தாலே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கான கல்விப் பொருள்களை விற்கும் இணையதளம் ஒன்றை வேலைநெருக்கடியில் இருக்கும் பெற்றோருக்காகத் திருத்தி அமைத்த கதையைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தீர்கள். பழைய முகப்பையும் புதிய முகப்பையும் அருகருகே வைத்துக் காட்டியது அழகாக இருந்தது. நிறங்கள் பிரமாதம். ஆனால் நடுவில் ஒரு வரியைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். இக்காலப் பெற்றோருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை, எனவே மூன்றே கிளிக்கில் வாங்க வைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் உதவி என்கிறார் கட்டுரையாளர்.

பொறுமை இல்லையாம். ஒரே கதையை ஒரே இரவில் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டி, ஒரு வரி விட்டுப்போனாலும் பிடிபட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறவர்களைப் பார்த்துச் சொல்கிறார்.

அந்த மூன்று கிளிக் கணக்கும் பழைய சரக்கு. ஜோஷுவா போர்ட்டர் என்ற இணைய வடிவமைப்பு ஆய்வாளர் 2003-லேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார். கிளிக் எண்ணிக்கை கூடியதால் ஆட்கள் பாதியில் விட்டுப்போனதாகவோ அதிருப்தி அடைந்ததாகவோ அவர் பார்த்த தரவில் தெரியவில்லை. இது உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. தெரிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

எனக்கு இரண்டு குழந்தைகள். பெரியவள் பள்ளிக்குப் போகிறாள், சின்னவன் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயது. இருவரும் தூங்கியபின் கைபேசியைத் திறந்து பயிற்சிப் புத்தகம், வண்ணப் பென்சில், பின்னம் சொல்லித்தரும் மரத்துண்டுகள் என்று ஒவ்வொன்றாகக் கூடையில் போடுவேன். சின்னவன் அழுவான். போய்த் தட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும் என்று திரையில் ஒரு அறிவிப்பு. உள்நுழைந்தால் கூடை காலி. பிறகு குழந்தையின் வயது என்ன, எந்த வகுப்பு, எதில் ஆர்வம் என்று முதலிலிருந்து விசாரணை. நான் அவசரப்பட்டு எதையும் கெடுக்கவில்லை. நடுவில் எழுந்துபோனேன், அவ்வளவுதான் குற்றம். குழந்தை உள்ள வீட்டில் எந்த வேலைதான் ஒரே மூச்சில் முடிகிறது? இவர்கள் எங்களை ஓட்டப்பந்தயக்காரர்களாக நினைத்துத் தளம் கட்டுகிறார்கள். எங்களுக்கு வேண்டியதோ நடுவில் விட்டுப்போனால் விட்ட இடத்திலேயே காத்திருக்கும் தளம்.

இதில் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியிலேயே, நேரம் முடியப்போகிறது என்று முன்கூட்டி எச்சரித்து, அதை நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடியாவது தரவேண்டும் என்று இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த அந்த வழிகாட்டியின் 2.2 பதிப்பு, ஒரே வேலையின் நடுவில் ஒருமுறை கொடுத்த விவரத்தை மறுபடி தட்டச்சு செய்ய வைக்காதே என்கிறது. மாற்றுத்திறனாளிகளை முதலில் மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. ஒரு தோளில் தூங்கும் குழந்தையும் மறுகையில் கைபேசியுமாக நிற்கும் எனக்கும் இதே விதிகள்தான் உதவுகின்றன. பொத்தான் 24 பிக்சலுக்கு (திரைப் புள்ளிகளுக்கு) குறையாமல் இருக்கட்டும் என்று அதே 2.2 பதிப்பு சொல்வதும் என் கட்டைவிரலுக்குப் பயன்படும். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வட்டமான ஓரங்களுக்கு மட்டும் ஒரு பத்தி இருந்தது.

அடுத்து, வயது கேட்கும் விஷயம். இது எனக்குப் பழைய கோபம். எந்தக் கல்விப் பொருள் தளத்தைத் திறந்தாலும் வயதைக் கேட்கிறார்கள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கே தெளிவில்லை. மூன்று வயதுக்கு மேல் என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் பாதுகாப்புக் கணக்கு. பொம்மைத் துண்டுகளைப் போட்டுப் பார்க்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் முழுதாக அடங்கிவிடும் துண்டு சிறு குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும். ஆறு வயதுக்கு மேல் என்று புதிர்ப் பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் கடினம் எவ்வளவு என்ற கணக்கு. இந்த இரண்டையும் ஒரே வடிகட்டியில் கொட்டிக் கலக்கிவிட்டார்கள். வகுப்பைத் தாண்டிப் படிக்கும் பிள்ளைக்கு வயதைக் கூட்டிப் போட்டுத் தேடலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் என் மகளுக்கு வாங்கும் பொருள் என் மகன் தவழும் தரையில்தானே கிடக்கும்? வீட்டில் இதைவிடச் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று எந்தத் தளமாவது கேட்டிருக்கிறதா? எதில் ஆர்வம் என்று மட்டும் கேட்கத் தெரிகிறது.

பேட்டரி விஷயம் இன்னும் மோசம். பேசும் உலக உருண்டை ஒன்றின் பக்கத்தில் பேட்டரி உண்டு என்று மகிழ்ச்சியாக எழுதியிருந்தார்கள். என்ன பேட்டரி? நாணயம் போன்ற வட்டமான பட்டன் பேட்டரியாக இருந்தால், விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அது மோசமாகப் புண்ணாக்கிவிடக்கூடும். அதன் மூடி ஸ்க்ரூ போட்டு அடைத்ததா, விரலால் தள்ளினால் திறப்பதா என்பது எனக்கு அந்தப் பொருளின் நிறத்தைவிட முக்கியம். காந்தத் துண்டுகளும் அப்படித்தான். வலுவான சின்னக் காந்தம் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடக்கூடும். இதைத் தெரிந்துகொள்ள நான் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். எங்கள் பொருள்கள் அனைத்தும் அன்போடு தேர்ந்தெடுக்கப்பட்டவை என்று பதில் வந்தது. நன்றி. அன்புக்கு மூடி எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

அப்புறம் தேடல் பெட்டி. பள்ளியில் ஒரு பயிற்சிப் புத்தகத்தின் பெயரைக் குறித்து அனுப்பினார்கள். அதே பெயரில் பல பதிப்புகள் இருக்கும் என்பதால் ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணையும் சேர்த்திருந்தார்கள், விவரமான ஆசிரியை. 2007 முதல் இது 13 இலக்க எண். அட்டையில் உள்ளபடி நடுக்கோடுகளோடு தட்டினேன். எதுவும் கிடைக்கவில்லை, இவை உங்களுக்குப் பிடிக்கலாம் என்று பலூன் படம் காட்டியது. கோடுகளை எடுத்துவிட்டுத் தட்டினால் அதே புத்தகம் வந்து நிற்கிறது. இதைச் சரிசெய்ய ஒரு நிரலாளருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சரி, புத்தகம் வந்தது. உள்ளே எப்படி இருக்கும்? அட்டைப் படம் மட்டும்தான், அதுவும் சிரிக்கும் குழந்தையோடு. உள்பக்கம் இரண்டைக் காட்டினால் எழுத்து எவ்வளவு பெரியது, எழுத இடம் இருக்கிறதா, கடைசியில் விடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள மாட்டோமா? ஒப்பிட எங்களுக்குப் பொறுமை இல்லை என்பவர்கள் முதலில் ஒப்பிட ஏதாவது கொடுத்துப் பார்க்கட்டும்.

விமர்சனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நட்சத்திரம், நேற்றுதான் வந்தது, பேக்கிங் அருமை. ஒரு மாதம் கழித்து அந்தப் பொருள் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறதா, கையில் இருக்கிறதா என்று அதே ஆளிடம் கேட்டுப் போட்டால் அது விமர்சனம்.

புதிய தளத்தில் குழந்தை பார்த்துக் கற்பவரா, கேட்டுக் கற்பவரா, செய்து கற்பவரா என்று பிரித்துக் காட்டுவதைக் கட்டுரையாளர் மெச்சியிருக்கிறார். ஹரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, இப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள். மாண்டிசோரி என்ற பெயரும் அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. குழந்தைகள் தாமே செய்து கற்கும் அந்தக் கல்விமுறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். இன்று மரத்தில் செய்து வண்ணம் பூசாமல் விட்டால் அது மாண்டிசோரி. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிற பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2018-ல் பொம்மைகள் பற்றி வெளியிட்ட அறிக்கை, எளிய பொருளும் கூட உட்கார்ந்து விளையாடும் பெரியவரும் இருந்தால் நல்லது என்கிற பக்கம்தான் சாய்கிறது. கூட உட்கார்பவரை எந்தத் தளமும் விற்க முடியாது, அதனால் அந்தச் செய்தி முகப்பில் வராது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு தளத்தில் மாதச் சந்தாப் பெட்டி வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்ல இருந்த ஒரே பொத்தானில், பரவாயில்லை, என் குழந்தை பின்தங்கினால் பின்தங்கட்டும் என்று எழுதியிருந்தது. மேலே ஒரு கடிகாரம், சலுகை முடிய இன்னும் சில நிமிடங்கள் என்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரமும் புதிதாகத் தொடங்கும். ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 2010-ல் ஆளை ஏமாற்றும் இத்தகைய வடிவமைப்பு வேலைகளுக்கு டார்க் பேட்டர்ன் என்று பெயரே வைத்துவிட்டார். கல்வியின் பெயரால் கடை நடத்துகிறவர்கள் தூக்கமில்லாத ஒரு தகப்பனை இரவில் பயமுறுத்தி வாங்க வைக்கிறார்கள், உங்கள் கட்டுரையாளர் அதை நேரமின்மைக்குத் தீர்வு என்கிறார். தகப்பன் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தத் தளம் எனக்கு அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலும் அன்புள்ள அம்மா என்றுதான் தொடங்குகிறது. உங்கள் கட்டுரைக்கான படத்திலும் மடிக்கணினியோடு இருந்தது ஒரு அம்மாதான். பின்னால் சோபாவில் ஒருவர் படுத்திருந்தார். அது நானாக இருக்கலாம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் கட்டுரையில் வந்த தளத்தை வடிவமைத்தவர்களோடு உங்களுக்குத் தொடர்பு இருக்கிறது, எனக்கு இல்லை. கூடையில் போட்டதை ஒரு வாரமாவது அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள், பேட்டரி வகையையும் மூடி எப்படித் திறக்கும் என்பதையும் பொருளின் பெயருக்குக் கீழேயே எழுதச் சொல்லுங்கள். போன ஆண்டு பாடப்பையின் எடை பற்றி நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாகச் சுருக்கி, கட்டுரை அருமை என்ற முதல் வாக்கியத்தை மட்டும் பெரிய எழுத்தில் போட்டீர்கள். இந்த முறையும் இடம் போதாது என்றால் மாண்டிசோரியை வெட்டுங்கள், அன்புள்ள அம்மாவை வெட்டுங்கள், என் பெயரைக்கூட எடுத்துவிடுங்கள். பட்டன் பேட்டரி பற்றிய பத்தியை மட்டும் முழுதாகப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஆண்டுச் சந்தாதாரர் ஒருவர்